சொன்னவர் வீட்டுக்குத் திரும்பும் கதை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது திருவாண்டார்கோயில். சம்பந்தர் பாடிய வடுகூர் இதுவே. இங்குள்ள பஞ்சநதீசுவரர் கோயிலின் கற்சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரி மாநிலத்துக் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர் பாகூர் சு. குப்புசாமி, அவருடைய உழைப்பு 2006இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியாக நூலானது. சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ஒரு வாய்பாடு நன்றாகப் பழகியிருக்கும்: நந்தா விளக்கு ஒன்றுக்குச் சாவா மூவாப் பேராடு 96. ஆடு கொடுத்தவர் பெயர் இருக்கும், அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், அந்த அணையா விளக்குக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெய்யின் கணக்கு இருக்கும். ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையரின் பெயர்கூடச் சில இடங்களில் இருக்கும். அந்த ஆண்டு மழை பொய்த்ததா, மந்தையில் நோய் விழுந்ததா, தலைமுறைக்கும் தொடரும் அந்தக் கடமையை அவர் பெருமையாக எண்ணினாரா சுமையாக எண்ணினாரா என்பது எங்கும் இராது. கல்வெட்டு பொய் சொல்லவில்லை. வெட்டச் சொன்னவருக்கு எது தேவையோ அதை மட்டும் வெட்டி வைத்தது.

இன்று அந்த உளியின் இடத்தில் கேமராவும் ரெக்கார்டரும் இருக்கின்றன. ஒரு மனிதரின் வாழ்க்கையை அவருடைய குரலிலேயே பதிந்து, படமும் ஒலியும் எழுத்தும் சேர்த்துப் பிறருக்குச் சொல்வதைத் தொழிலாகக் கொண்ட மல்டிமீடியா தயாரிப்பாளர்கள் இரண்டு தலைமுறைகளாக உருவாகி வந்திருக்கிறார்கள். குரலும் முகமும் கிடைத்துவிட்டதால் கல்வெட்டின் குறை தீர்ந்துவிட்டது என்று நினைப்பது எளிது. அது தீரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தக் கருவியானாலும், எடுப்பவரின் தேவையே எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்யும்வரை, சொன்னவர் அந்த இடையரைப் போலப் பெயராக மட்டுமே மிஞ்சுவார். கதை சொன்னவரிடமே திரும்பிப் போய், அவர் பார்த்து, திருத்தி, வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் இந்தத் தொழிலுக்கு உரைகல்.

தன்கதை என்பது புதுவை மண்ணுக்குப் புதிதல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இந்த ஊரில்தான் பிறந்தது. ஆனால் அது பிரெஞ்சு ஆளுநருக்கு அருகே நின்ற துபாஷியின், அதாவது மொழிபெயர்ப்பாளரின் குரல். எளியவர்கள் வரலாற்றுக்குள் எண்ணிக்கையாகத்தான் வந்தார்கள். புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள்மீது 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் 12 பேர். வில்லியனூர்ப் பகுதியிலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். புதுச்சேரி இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாமென்று 8 பேர். அன்று சாலையோரம் நின்று பார்த்த கீழூர்க்காரர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசிக்கொண்டார்கள்? அதைக் கேட்டுப் பதிய ஆளில்லை. மக்கள் வாயிலிருக்கும் கதையே ஆவணம் என்பதைப் புதுவையில் வற்புறுத்தியவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். கரிசல் மண்ணிலிருந்து வந்து புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளுக்காகப் பணியாற்றி, 2021 மே 17 அன்று இங்கேயே மறைந்தார். சொல்பவரின் பேச்சு மொழியைத் திருத்தாமல் எழுத்தில் ஏற்றியதால், அச்சான பிறகும் அந்தக் கதைகளைச் சொன்ன ஊர்க்காரர்களால் தங்களுடையவை என்று அடையாளம் காண முடிந்தது. இன்றைய தயாரிப்பாளர்களுக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் அவரைத்தான் சொல்லவேண்டும்.

கருவியே கிராமத்தின் கைக்கு வந்த அத்தியாயமும் இந்த வட்டாரத்தில்தான் நிகழ்ந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. இணையம் எட்டாத காலம் அது. வில்லியனூரிலிருந்து கம்பியில்லாத் தொடர்பு வழியாக ஊர்களுக்குச் செய்தி போனது. எம்பலத்தில் மையம் கோயில் இடத்தில் இயங்கியது. நெல் விலை, மருத்துவர் வரும் நாள், கடலோர ஊர்களுக்கு அலையின் உயரம் என அன்றாடத் தேவைகளை உள்ளூர்ப் பெண்களும் இளைஞர்களுமே தொகுத்துச் சொன்னார்கள். ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு இதழும் வந்தது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஏற்பாட்டின் அருமை கடலோர ஊரான நல்லவாட்டில் தெரிந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர்ச்சேதமின்றித் தப்பியது. அறிமுகமில்லாத ஒருவர் வெளியிலிருந்து வந்து கத்தியிருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்? தினமும் அலை உயரத்தைச் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி என்பதால் ஊர் நம்பியது.

அதே வாரம் சற்றுத் தெற்கே கடலூரில் வேறொரு பதிவு உருவானது. ராய்ட்டர்ஸ் புகைப்படக் கலைஞர் அர்கோ தத்தா டிசம்பர் 28 அன்று எடுத்த படத்தில், உறவினரைப் பறிகொடுத்த பெண் ஒருவர் மணலில் குப்புறக் கவிழ்ந்து இரண்டு கைகளையும் விரித்து அழுகிறார். அந்த ஆண்டின் சிறந்த படமாக வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ விருது அதற்குக் கிடைத்தது. உலகத்தின் நெஞ்சை அது உலுக்கியது. அப்படி ஒரு படத்தின் தேவையை யாரும் மறுக்க முடியாது. இருந்தாலும் அதில் நமக்குக் கிடைப்பது ஒரு மனித வாழ்வின் ஒரே ஒரு நொடி. அதற்கு முந்தைய நாற்பது ஐம்பது ஆண்டுகளும் பிந்தைய ஆண்டுகளும் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. செய்திப் படம் அந்த நொடியோடு நிற்கலாம். தனிமனிதரின் கதையைச் சொல்கிறேன் என்று புறப்படும் தயாரிப்பாளர் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

நிற்காமல் நடந்தவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணக்காப்பகம் எழுத்து, படம், ஒலி, காணொளி நான்கையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து, கதை எழுந்த மாநிலத்து மொழியிலும் படிக்கத் தருகிறது. அதன் புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், 2017இல் வெளியான ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். துப்புரவுத் தொழிலாளர்களோடும் கடற்பாசி எடுக்கும் பெண்களோடும் ஆண்டுக்கணக்கில் உடன் நின்றவர். அத்தோடு விடாமல் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பழக்கினார். அமெரிக்காவில் ஜோ லாம்பர்ட்டும் தோழர்களும் 1990களில் தொடங்கிய பட்டறைகளில், சொல்பவரே தன் குரலையும் வீட்டுப் புகைப்படங்களையும் வைத்துச் சில நிமிடப் படம் செய்வார். தயாரிப்பாளர் பக்கத்தில் அமர்ந்து உதவுவார். அங்கேயே 2003இல் தொடங்கிய ஸ்டோரிகோர் என்னும் அமைப்பு, நெருங்கிய இருவரை 40 நிமிடம் பேசவிட்டு, ஒலிப்பதிவின் பிரதியை அவர்களுக்கே தருகிறது. போருக்குப் பிந்தைய இலங்கையில் ‘ஹெர்ஸ்டோரீஸ்’ திட்டம் தமிழ், சிங்கள, முஸ்லிம் தாய்மார்களிடம் கேமராவை நீட்டுவதோடு நிற்காமல், அவர்கள் கையெழுத்தில் கடிதங்களையும் நினைவு வரைபடங்களையும் கேட்டு வாங்கியது. நாடும் மொழியும் வேறானாலும் இவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: வடிவத்தை முடிவுசெய்வதில் சொல்பவருக்குப் பங்கு கொடுத்தார்கள்.

அந்தப் பங்கு எவ்வளவு நுட்பமானது என்பது எடிட்டிங் மேசையில்தான் தெரியும். திருபுவனைப் பக்கம் தொழிற்சாலை ஷிஃப்ட் முடித்து வந்த பெண் ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலர் மைக் சேலை முந்தானையில் குத்தியிருக்கிறது. கையசைக்கும்போதெல்லாம் வளையல் சத்தம் குரல்மேல் ஏறுகிறது. வெளியே நெடுஞ்சாலை லாரி. “அப்பவே படிக்க வெச்சிருந்தா…” என்று நிறுத்தி, ஆறு விநாடி பேசாமல் இருந்து, “சரி, அத வுடுங்க” என்கிறார். அவசரத்தில் வெட்டுபவர் அந்த ஆறு விநாடியை எடுத்துவிடுவார். இல்லையென்றால் அங்கே சோக இசையைப் போடுவார். முதல் வழியில் அவர் மௌனம் காணாமல் போகிறது. இரண்டாம் வழியில் அவர் கேட்காத பரிதாபம் அவர்மேல் ஏற்றப்படுகிறது. ‘வுடுங்க’ என்பதைத் துணைவரியில் ‘விடுங்கள்’ என்று திருத்தினால் அவரது ஊரே அழிந்துபோகிறது. பதிவு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியை மட்டும் எடுத்துவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வெட்டிய இடத்தைக் காது உணராதபடி ஒட்ட அது உதவும். ஒட்டியது தெரியாமல் ஒட்டக்கூடிய கைக்கு, எதை ஒட்டினோம் என்று சொன்னவரிடம் காட்டும் கடமையும் உண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று எழும். சொன்னவருக்கு வெட்டும் உரிமை கொடுத்தால் உண்மை என்ன ஆகும்? அவர் தனக்குச் சாதகமில்லாததை எடுக்கச் சொன்னால்? ஒப்பந்தக்காரரும் அமைச்சரும் அதே உரிமையைக் கேட்டால்? இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொறுப்பில் இருப்பவர் அந்தப் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது அது பொதுச்சொத்து. திரும்பப் பெற முடியாது. ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது விளைவு முழுக்க அவர் தலையில்தான் விழுகிறது. நம் கிராமங்களில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஒருவரின் கதை ஒருமுறை கைபேசிகளில் ஏறிவிட்டால் இறங்காது. தயாரிப்பாளர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சொன்னவர் மறுநாள் காலையில் அதே குழாயடிக்குப் போகவேண்டும். கூலி எவ்வளவு, எந்த ஆண்டு, யார் சாட்சி என்று சரிபார்க்கும் வேலையை இந்த உரிமை தடுக்காது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. சட்டம் அவ்வளவு தூரம் வந்திருக்கும்போது கலை அதற்குப் பின்னால் நிற்பது அழகல்ல.

இன்னொரு மறுப்பு, கைபேசி எல்லார் கையிலும் இருக்கையில் இடையில் தயாரிப்பாளர் எதற்கு என்பது. ரீல்ஸ் வழியாக எத்தனையோ புதிய குரல்கள் வந்திருப்பது உண்மை, மகிழ்ச்சியும்கூட. ஆனால் நிமிடத்துக்குள் கவனத்தைப் பிடிப்பவையே அங்கே மேலே வருகின்றன. அறுபது வருட வாழ்க்கைக்குப் பொறுமையாகக் கேட்கும் ஓர் ஆள் வேண்டும். சரியான இடத்தில் சரியான கேள்வி விழுந்தால்தான் சிலருக்கு நினைவே திறக்கும். பணம் யார் தருவது என்ற கேள்வி இவற்றைவிடக் கடினம். கல்யாண வீடியோவும் விளம்பரமும் தொண்டு நிறுவனங்களின் ‘வெற்றிக் கதை’களுமே இத்தொழிலுக்குச் சோறு போடுகின்றன. துன்பம், திட்டம், புன்னகை என்று அளவெடுத்துத் தைத்த கதையைத்தான் பணம் தருபவர் கேட்பார். அதை ஒரேயடியாக மறுக்கச் சொல்வது நியாயமாகாது. ஆனால் முடிந்த படத்தை முதலில் சொன்னவருக்குப் போட்டுக் காட்டுவதற்குச் செலவு ஒரு மாலைப்பொழுது. ஒரு பிரதியை அவர் மகளின் கைபேசியில் ஏற்றிக் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம்.

புதுச்சேரியின் ஏஎஃப்டி துணி மில் 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. அதில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து உழைத்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. மில்லின் கணக்குப் புத்தகங்கள் எங்காவது இருக்கும். தறியின் இரைச்சலில் உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகிய வாழ்க்கை அவற்றில் இராது. அதைக் கேட்டுப் பதிய வில்லியனூரிலும் பாகூரிலும் திருவாண்டார்கோயிலிலும் ஆட்கள் வேண்டும், விரைவில் வேண்டும். அவர்கள் எடுக்கும் படத்தின் முதல் காட்சி அந்தத் தொழிலாளியின் தெருவிலேயே, ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியாவது நடக்கட்டும். “அது அப்படி இல்லப்பா” என்று அவர் எழுந்து திருத்தினால், திருத்திய வடிவமே ஆவணமாகட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நெய் அளந்தவருக்கு அப்படி எழுந்து பேச ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. இவருக்குக் கொடுக்க நம்மால் முடியும்.