ஓட்டு நம்முது, சின்னம் யாருது?

தொல். திருமாவளவனின் தேர்தல் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். எந்தத் தேர்தலில் யாரோடு கூட்டணி, எத்தனை சீட்டு, எத்தனை தடவை மாறினார் என்கிற கணக்கு. பெரிய பத்திரிகைகள் இதைக் கிண்டலாகச் சொல்லும். நம்ம ஆளுங்க அதுக்குச் சமாதானம் சொல்லியே ஓஞ்சு போவாங்க. தமிழ்நாட்டில் கூட்டணி மாறாத கட்சி எது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். இந்தக் கணக்கில் எனக்கு அக்கறை இல்லை. 2001 முதல் 2004 வரை அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலத்தை எடுத்துக்கொண்டு வேறொரு கேள்வியைக் கேட்கலாம். ஒரு தலித் ஜெயித்துக் கோட்டைக்குள்ளே போகும்போது, சட்டத்தின் கண்ணில் அவர் யாருடைய ஆள்?

கேள்வி பழசு. 1990-ல் மலைச்சாமிக்குப் பிறகு அமைப்பின் பொறுப்புக்கு வந்த திருமாவளவன், மதுரையில் தடய அறிவியல் துறையில் அரசு ஊழியர். அந்தப் பத்தாண்டில் விடுதலைச் சிறுத்தைகள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். தனித் தொகுதியில் ஜெயிக்கிறவன் சேரியில் பிறந்திருப்பான், ஆனால் சேரிக்காகப் பேச அவனுக்கு உத்தரவு கிடையாது என்பது அன்றைக்கு அவர்கள் சொன்ன நியாயம். உத்தரவு இல்லாமல் பதவியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை மேலவளவு காட்டியது. தனி ஊராட்சி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் தலைவரான முருகேசனும் அவரோடு சேர்ந்தவர்களுமாக ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அது நடந்து இரண்டு வருஷத்தில், 1999-ல், அரசு வேலையை விட்டுவிட்டுத் திருமாவளவன் தேர்தலுக்கு வந்தார்.

வந்தது சொந்தச் சின்னத்தில் இல்லை. மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசின் சைக்கிள். சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி. சேரிகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன, சனங்களை ஓட்டுச்சாவடிக்குப் போகவிடாமல் மறித்தார்கள். அதையும் மீறி இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. பா.ம.க.வின் பொன்னுசாமி ஜெயித்தார். விழுந்த ஓட்டு சைக்கிளுக்கா, நமக்கா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து மங்களூரிலும் இதே சிக்கல் வந்தது.

2001-ல் தி.மு.க. கூட்டணியில் மங்களூர் தனித் தொகுதி கிடைத்தது. நின்றது உதயசூரியன் சின்னத்தில். ஜெயித்தார். ஊரே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் சட்டம் கொண்டாட்டத்தைப் பார்க்காது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எந்தக் கட்சியின் வேட்பாளராக நின்று ஜெயித்தாரோ அந்தக் கட்சியின் உறுப்பினர்தான் அவர். அந்தக் கட்சியை விட்டால் பதவி போகும். கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டாலும் போகும். ஆக, விடுதலைச் சிறுத்தைகளின் தலைவர் சட்டமன்றத்தின் ஏட்டில் தி.மு.க. உறுப்பினர். 'அடங்க மறு' என்று மேடையில் சொன்னவர் உள்ளே இன்னொரு கட்சியின் கொறடாவுக்கு அடங்கியாக வேண்டும். அவருடைய குணத்தில் குறை தேடுகிறவர்கள் இந்தக் கட்டை முதலில் பார்க்கட்டும்.

2004-ல் தி.மு.க. அணியில் அவருக்கு இடமில்லை, பா.ம.க.வுக்கு இருந்தது. அவர் சட்டமன்றப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, ஐக்கிய ஜனதா தளத்தின் சின்னத்தில் சிதம்பரத்தில் நின்று மறுபடியும் பொன்னுசாமியிடம் தோற்றார். அந்த ராஜினாமாவைத் தன்மானம் என்று நம்மில் பலர் எழுதினார்கள். தன்மானம்தான், மறுக்கவில்லை. ஆனால் மங்களூர்ச் சனங்கள் ஐந்து வருஷத்துக்கு அல்லவா ஓட்டுப் போட்டார்கள்? ரோடு, பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று மனு எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்தத் தன்மானத்தில் என்ன பங்கு? இதைக் கேட்டால் துரோகி என்பார்கள். கேட்காமல் விட்டால் விமர்சனம் எதற்கு?

இந்த முடிச்சைப் போட்டது 1932-ன் பூனா ஒப்பந்தம். அம்பேத்கர் வாங்கியது தனி வாக்காளர் தொகுதி. அதில் நம்மவனை நாம் மட்டுமே தேர்ந்தெடுப்போம். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு கிடைத்தது கூட்டு வாக்காளர் தொகுதியில் தனி இடம். எண்ணிக்கை 71-லிருந்து 148-ஆக ஏறியது, தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் எல்லோருக்குமாகப் பிரிந்தது. முதல் சுற்றில் நால்வரைத் தாழ்த்தப்பட்டவர்களே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடும் பத்தாண்டுக்குத்தான். இதன் பலன் என்ன? 1952-ல் வடக்கு பம்பாயில் அம்பேத்கரே தோற்றார். தோற்கடித்த கஜ்ரோல்கரும் தாழ்த்தப்பட்டவர்தான், ஆனால் காங்கிரஸ்காரர். தனித் தொகுதியில் ஜெயிப்பது எப்படியும் ஒரு தலித். எந்தத் தலித் என்பதைத் தீர்மானிப்பது பெரிய கட்சிகளின் சின்னம்.

நான் பல தேர்தல்களில் சுவரில் சின்னம் வரைந்தவன் என்பதால் இதைக் கையாலும் அறிவேன். சைக்கிள் வரைவது கஷ்டம், இரண்டு சக்கரமும் ஒரே அளவில் வராது. சூரியன் சுலபம். ரெண்டு மலை, நடுவுல அரை வட்டம், கதிரு. ஆனால் எங்க காலனிச் சுவரில் அதுவரை சூரியன் வரைந்ததெல்லாம் ஊர்த்தெருவிலிருந்து வந்த கட்சிக்காரர்கள். 2001-ல் முதல் தடவையாக நாங்களே வரைந்தோம். 2009-ல் நட்சத்திரம், அப்போது சிதம்பரத்தில் ஜெயித்தோம். 2016-ல் மோதிரம். எழுத்து தெரியாத ஒரு கெழவி கேட்டது: "ஏண்டா, ஒருக்கா நட்சத்திரம்ங்கற, ஒருக்கா மோதிரம்ங்கற. எத்தினின்னுடா நாங்க மனசுல வச்சிக்கறது?"

கெழவியின் கேள்விக்குக் காட்டுமன்னார்கோயிலில் பதில் கிடைத்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணியில் அந்தத் தனித் தொகுதியில் நின்ற திருமாவளவன் வாங்கியது 48,363 ஓட்டு. அ.தி.மு.க.வின் முருகுமாறன் 48,450. வித்தியாசம் 87. திருமாவளவன் என்ற அதே பெயரில் ஒரு சுயேச்சையும் அங்கே நின்றார். அவருக்கு விழுந்த ஓட்டு 87-ஐ விடப் பல மடங்கு அதிகம். நிலைத்த சின்னம் உள்ள கட்சிக்காரர்கள் பெயரைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள், சனங்களின் விரல் தானாக இலைக்கும் சூரியனுக்கும் போகும். நமக்குப் பெயரும் பாதுகாப்பில்லை. அன்றைக்கும் ஜெயித்தவர் ஒரு தலித்தான். 1952 திரும்ப வந்தது.

2019-ல் அவர் எடுத்த முடிவை இந்த வரலாற்றில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதே தி.மு.க. அணியில் விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார், ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். திருமாவளவன் சிதம்பரத்தில் பானையில் நின்றார், ஜெயித்தது 3,219 ஓட்டில். தொகுதி வேறு, எதிராளி வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொந்தச் சின்னம் என்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது தெரிகிறது. அந்த விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. ஓட்டுப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று பொன்பரப்பியில் நடுரோட்டில் பானையைப் போட்டு உடைத்தார்கள். தட்டிக் கேட்டதற்குச் சேரியில் புகுந்து வீடுகளை நொறுக்கினார்கள். 2001-ல் சூரியனை யாராவது ரோட்டில் போட்டு உடைத்தார்களா? மற்றவர் சின்னத்தில் நாம் ஜெயித்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும். பானை அவர்களுக்கு நம்மையே காட்டியது. தண்ணிப் பானையைத் தொட்டால் தீட்டு என்ற ஊரில், அந்தப் பானைக்குப் பொத்தானை அமுக்கு என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் பானை ஆறு இடத்தில் நின்று நான்கில் ஜெயித்தது. செய்யூரும் காட்டுமன்னார்கோயிலும் தனித் தொகுதி. திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத் தொகுதி. 2024-ல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டும் பானைக்கே கிடைத்து, 2025-ல் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமும் வந்தது. கெழவியின் குறை தீர்ந்தது. இனி நமது உறுப்பினர் சட்டத்தின் ஏட்டிலும் நமது ஆள்.

ஆனால் கொறடா போனதும் கட்டு போய்விட்டதா? ஆறு இடம் என்று முடிவு செய்தது யார்? வேங்கைவயலில் 2022 டிசம்பரில் சேரியின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்தச் சேரி இளைஞர்கள் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது. திருமாவளவன் அதை ஏற்காமல் சி.பி.ஐ. விசாரணை கேட்டார். கூட்டணியிலும் நீடித்தார். கேட்க முடிந்தது என்பது பானை தந்த பலம். 2001-ன் ஏட்டில் உட்கார்ந்திருந்தால் ஆளும் கட்சியின் உறுப்பினர் என்ற முறையில் கேட்க வேண்டியிருக்கும். கேட்டதோடு நின்றது என்பதும் உண்மை.

சின்னம் கிடைத்ததைச் சாதனைப் பட்டியலில் கடைசி வரியாக எழுதி மூடிவிடாதீர்கள் என்று தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் பானை வரைய எனக்கு இப்போது அரை நிமிஷம் போதும். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிற நம்ம வேட்பாளரிடம் எத்தனை சீட்டு வாங்கினீங்கன்னு கேட்க வேண்டாம். எத்தனை பொதுத் தொகுதி கேட்டீங்க, நம்ம தண்ணித் தொட்டிக்காக எந்தத் தீர்மானத்தில் எதிர்த்து ஓட்டுப் போடுவீங்கன்னு கேட்போம். பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்வோம்.