சிப்ஸுக்கு முந்திய குழம்பு

லண்டனுக்குக் கிளம்புகிற நம் ஜனங்களின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்வெட்டருக்கு அடியில், பைக்குள் பையாகச் சுற்றி, புளிக்காய்ச்சல் இருக்கும். ‘அங்கே என்னத்தைச் சாப்பிடறது? எல்லாம் உப்புச் சப்பில்லாம வேகவெச்சது’ என்பது நம் வீடுகளின் பரம்பரைத் தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னவர்களில் பாதிப் பேர் மீனம்பாக்கத்தைத் தாண்டியதில்லை.

கெட்ட பெயர் சும்மா வரவில்லைதான். யுத்தத்தின்போது 1940-ல் ஆரம்பித்த உணவு ரேஷன், 1954 ஜூலையில்தான் முழுசாக ஒழிந்தது. முட்டைப் பவுடரில் ஆம்லெட் போட்டுப் பழகிய ஒரு தலைமுறையிடம் கைப்பக்குவத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆனால் என் சண்டை சமையலோடு இல்லை, பட்டியலோடு. சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடுகளைப் பார்த்திருப்பீர்கள். ‘பாரம்பரிய உணவுகள்’ என்று ஒரு பக்கம்: ஃபிஷ் அண்ட் சிப்ஸ், ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், பன்றிக்கறியும் முட்டையும் பீன்ஸுமாகத் தட்டு வழிகிற காலை டிபன். ‘பல கலாசார உணவுகள்’ என்று எதிர்ப்பக்கம்: கறி, டிக்கா மசாலா, பர்மிங்ஹாமின் பால்ட்டி. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட்டது யார்?

கணக்குப் பார்ப்போம். ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி லண்டனில் சமையல் புத்தகம் வெளியிட்டது 1747-ல். அதில் இந்திய முறைப்படி ‘கறி’ செய்ய ஒரு குறிப்பு இருக்கிறது. மிளகு, கொத்துமல்லி விதை, கோழி என்று எளிமையான சமாசாரம். 1810-ல் ஷேக் தீன் முகமது என்ற இந்தியர் லண்டனில் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ் திறந்து கறி விற்றிருக்கிறார். (சீக்கிரமே நொடித்துப்போனார் என்பது வேறு விஷயம்.) சரி, பாரம்பரியத்தின் சிகரமான ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடை எப்போது வந்தது? 1860-களில். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஜோசஃப் மாலின் என்ற யூதர் திறந்ததுதான் முதல் கடை என்பார்கள். இல்லை, எங்களுடையதுதான் என்று லங்காஷயர்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த மீன், ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்த யூதர்களோடு வந்தது. சாபத் அன்று அடுப்பு மூட்டக்கூடாதே, அதனால் முதல் நாளே பொரித்து, ஆறவைத்துச் சாப்பிடுவார்கள். உருளைக்கிழங்கின் சொந்த ஊர் தென் அமெரிக்கா.

ஆகக் கறி 1747, சிப்ஸ் கடை 1860-கள். எது பாரம்பரியம், எது வந்தேறி? பட்டியல் போடுகிறவர்கள் பதார்த்தத்தின் வயதைப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கலந்ததெல்லாம் நல்ல சமையல் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முலிகடாவ்னி சூப் என்று மெனுவில் பார்த்துப் பூரித்துப்போய் ஆர்டர் செய்துவிடாதீர்கள். நம் மிளகுத் தண்ணிதான் அது. வெள்ளைக்காரர் சாப்பாட்டில் முதலில் சூப் வந்தாக வேண்டும். மதராஸ் சமையல்காரரிடம் அதற்குக் கிட்டத்தட்ட இருந்தது இது ஒன்றுதான். அப்புறம் அதில் கோழி விழுந்தது, வெங்காயம் விழுந்தது. 1861-ல் வந்த மிஸஸ் பீட்டனின் புத்தகத்தில் கறிப்பவுடரும் பன்றிக்கறியும்கூட விழுந்துவிட்டன. மதராஸ் வெள்ளைக்காரர்களுக்கு இதை வைத்து ‘மல்’ என்று பட்டப்பெயரே உண்டு. ரசத்தின் உயிர் தெளிவில் இருக்கிறது. அதைக் கூழாக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி?

கெட்ஜரி தேவலை. கிச்சடியிலிருந்து பருப்பு காணாமல்போய், புகைபோட்ட மீனும் அவித்த முட்டையும் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒரு புது நியாயத்தோடு இருக்கும். 1953-ல் ராணியின் முடிசூட்டுக்காகப் பண்ணிய கோழியை, கறிப்பவுடர் கலந்த மயோனைஸில் புரட்டி சாண்ட்விச்சில் அடைத்துத் தருவார்கள். ம்ஹூம்.

அசல் உள்ளூர்ச் சரக்கு வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏதாவது பப்பில் ரோஸ்ட் சாப்பிடுங்கள். கூடவே வரும் யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு இல்லை. மாவு, முட்டை, பால் மூன்றையும் கரைத்து, கொதிக்கிற கொழுப்பில் ஊற்றி அடுப்பில் வைத்தால் தொப்பி மாதிரி உப்பிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் இதை முதலிலேயே கொடுத்து வயிற்றை நிரப்பிவிடுவார்களாம், கறி குறைச்சலாகச் செலவாகட்டும் என்று. நம் ஊர்க் கல்யாணப் பந்தி மூளைதான்!

டிக்கா மசாலாவுக்கு வருகிறேன். 2001 ஏப்ரலில் அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக், அதுதான் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று பேசினார். வெளியிலிருந்து வந்ததை பிரிட்டன் எப்படித் தனதாக்கிக்கொள்கிறது என்பதற்கு அது உதாரணமாம். நல்ல மனசு. ஆனால் பாராட்டு யாருக்குப் போகிறது, கவனித்தீர்களா? தின்றவருக்கு. கிண்டியவர்களில் பெரும்பாலோர் இன்றைய பங்களாதேஷின் சில்ஹெட்காரர்கள். கப்பல் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வழியில் வந்தவர்கள். கடைக்கு வெளியே ‘இந்தியன்’ என்று போர்டு மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளருக்குப் பிடித்த க்ரீமையும் சர்க்கரையையும் தாராளமாகப் போட்டார்கள். அவர்கள் வீட்டுச் சமையலுக்கும் அந்த ஆரஞ்சுக் குழம்புக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. குழம்பும் சுமார்தான், நாலு வாய்க்கு மேல் திகட்டுகிறது.

எனவே லண்டன் பிரிக் லேனுக்குப் போனால் டிக்கா மசாலாவைத் தாண்டிக் கேளுங்கள். சாட்கரா என்று சில்ஹெட்டில் ஒரு எலுமிச்சை ஜாதிக் காய் உண்டு. தோலோடு நறுக்கிக் கறியில் போடுவார்கள்; புளிப்பும் கசப்பும் வாசனையுமாக இருக்கும். மெனுவில் இல்லையென்றால் சர்வரிடம் அவர் என்ன சாப்பிடுவார் என்று விசாரியுங்கள்.

சைவர்களுக்கு ஒன்று. வெறும் சிப்ஸ்தானே என்று நம்பி வாங்காதீர்கள். யார்க்‌ஷயர் பக்கம் பல கடைகளில் அதைப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள், பெருமையாகவே.