வீட்டுப் பேச்சும் கதைப் பேச்சும்: சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையில் குடும்ப உரையாடல்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதை, நாவல் ஆகியவற்றைக் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கின், அவற்றுள் பெரும்பாலானவை குடும்பத்தை ஒரு கருப்பொருளாகவே அணுகியுள்ளமை புலனாகும். தலைமுறை இடைவெளி, கலப்பு மணம், முதியோர் புறக்கணிப்பு, பிள்ளைகளின் கல்வி எனத் தலைப்புகளைப் பகுத்து, ஒவ்வொன்றின் கீழும் கதைகளை நிரல்படுத்துவதே நம் ஆய்வேடுகளில் நிலைபெற்றுவிட்ட முறையாகும். கதையில் என்ன நிகழ்கிறது என்பதை இம்முறை நன்கு காட்டும். ஆயின் கதைமாந்தர் தம் வீட்டிற்குள் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றனர் என்னும் வினா இம்முறையில் எழுவதேயில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகள் வழங்கும் ஒரு சிறு தீவில், பத்தாவது மாடியில் வாழும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைச் சொல்லும் கதைக்கு இவ்வினாவே முதன்மையானது என்பது நம் கருத்து.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தரும் செய்தியை முதற்கண் நினைவிற் கொள்வோம். வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர் இந்தியருள் 2000ஆம் ஆண்டில் 42.9 விழுக்காட்டினராக இருந்தனர். 2010இல் இது 36.7 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்து வயதிற்கு மேற்பட்ட குடியிருப்பாளர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், 2010இல் 3.3 விழுக்காடாக இருந்த தமிழ் 2020இல் 2.5 விழுக்காடாயிற்று. அதே 2020இல் ஆங்கிலம் 48.3 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. இந்தியர் என்னும் வகைப்பாட்டில் மலையாளியரும் பஞ்சாபியரும் வட இந்தியாவிலிருந்து அண்மைக் காலத்தில் குடியேறியோரும் அடங்குவர். ஆகவே இவ்வெண்களைத் தமிழ்க் குடும்பங்களின் மொழிமாற்றமாக அப்படியே கொள்ளுதல் பிழையாகும். எனினும் போக்கு இன்னதென்பதில் ஐயமில்லை. இதே காலப்பகுதியில் எழுந்த கதைகளில் மிகப் பலவற்றைப் படிக்கும் ஒருவர், இத்தீவின் தமிழ் வீடுகளில் தாத்தா முதல் பாலர் பள்ளிப் பிள்ளை வரை அனைவரும் தமிழிலேயே, அதுவும் நல்ல தமிழிலேயே, பேசுகின்றனர் என்று முடிவு செய்தால் அவரைக் குறை கூற இயலாது.

கதைப் பேச்சு எப்பொழுதும் இவ்வாறு இருந்ததில்லை. மகதூம் சாயபு 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழில் 1888ஆம் ஆண்டு வெளிவந்த 'வினோத சம்பாஷணை'யை இந்நாட்டின் முதற் சிறுகதையாகக் கொள்ளலாம் என்று நா. கோவிந்தசாமி வாதிட்டார். அது சிறுகதையா, அன்றா என்னும் விவாதம் இருக்க, அதன் தலைப்பே உரையாடலைக் குறிப்பது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இருவர் பேசிக்கொள்வதைச் செவிமடுத்தலே இங்கு உரைநடைப் புனைவின் தொடக்கமாக அமைந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், புதுமைதாசன் வானொலிக்கு எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' மீண்டும் செவியையே நாடியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோற்றுவிக்கப்பெற்றுக் கம்பத்து வீடுகளிலிருந்தும் கடைவீட்டு அறைகளிலிருந்தும் மக்கள் அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. புது வீட்டில் வாழப் பழகிக்கொண்டிருந்தோர் தம்மைப் போன்றவர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்தனர். பின்னர் அது நூலாகவும் வந்தது. இருந்தும் நம் இலக்கிய வரலாறுகள் வானொலி நாடகத்திற்கு ஓரிரு பத்திகளே ஒதுக்குகின்றன. நகைச்சுவைத் தொடர் என்னும் அடைமொழி அதனை ஆய்வுக்கு உரியதன்று என ஒதுக்கிவைக்கப் போதுமானதாகிவிட்டது. வீட்டுப் பேச்சை எழுத்தில் வடிப்பதற்கு நமக்கு வாய்த்த முன்மாதிரிகளுள் ஒன்று இவ்வாறு கைநழுவியது என்றே சொல்ல வேண்டும்.

இனி, சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். எந்தக் கதையிலிருந்தும் எடுக்காமல் நாமே புனைந்த காட்சி இது. செங்காங்கில் ஒரு வீவக வீடு. காலை ஆறு மணி. உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி காலணியை மாட்டிக்கொண்டிருக்கிறாள். மாலையில் தாமதமாக வருவாள் என்பதைப் பாட்டிக்குத் தெரிவிக்க வேண்டும். நம் எழுத்தாளர்கள் இதனை மூன்று வகையாக எழுதுவர்.

முதல் வகை: "பாட்டி, இன்று எனக்கு இணைப்பாட நடவடிக்கை உள்ளது. வீடு திரும்ப நேரமாகும். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

இரண்டாம் வகை: "பாட்டி, இன்னிக்கு சிசிஏ இருக்கு. லேட்டாதான் வருவேன், வெயிட் பண்ணாதீங்க."

மூன்றாம் வகை: தாமதமாகும் என்று அவள் ஆங்கிலத்தில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னாள்.

முதல் வகையில் இலக்கணப் பிழை இல்லை. 'இணைப்பாட நடவடிக்கை' என்பது பள்ளிச் சுற்றறிக்கைக்கு உரிய நல்ல தமிழாக்கம். அதனைக் காலை ஆறு மணிக்குக் காலணி மாட்டியபடி சொல்லும் பிள்ளையை நாம் கண்டதில்லை. இஃது இயல்புத்தன்மை பற்றிய குறை மட்டுமன்று. இத்தகைய பேச்சுடைய கதையே மூன்றாம் பக்கத்தில், பேத்திக்கும் பாட்டிக்கும் இடையே மொழி ஒரு சுவராக எழுந்துவிட்டது என்று வருந்தவும் செய்கிறது. சுவர் எங்கே? பேத்தி பேசியது பாட்டிக்கு ஓர் எழுத்தும் விடாமல் விளங்கியதே! தமிழ் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒற்றுப்பிழை இன்றிச் சொல்லும் சிறுமியர் நம் கதைகளில் ஏராளம். மொழியிழப்பைப் பற்றிய கதை, தன் உரையாடலாலேயே அவ்விழப்பை மறுத்துவிடுகிறது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. பல்லவ மன்னனும் சீனப் பயணியும் நம் வரலாற்று நாவல்களில் இருபதாம் நூற்றாண்டுத் தமிழில்தானே பேசுகின்றனர், வாசகர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். ஏற்றுக்கொண்டனர். எல்லா மொழியும் தமிழாக ஒலிக்கும் என்பது தமிழ் வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையே உள்ள பழைய உடன்பாடு. ஆனால் ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு மூன்று மொழிகள் புழங்குவதும், அவற்றுள் எது யாருக்குக் கைவரும் என்பதும் கதையின் உயிராக இருக்கும்பொழுது, அவ்வுடன்பாடு சொல்ல வந்ததையே மறைத்துவிடுகிறது.

முதல் வகையை எழுதியோரை அறியாமையாளர் என்று தள்ளிவிடல் ஆகாது என்பதையும் இங்கே வற்புறுத்த விரும்புகிறோம். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு', அதன் மாணவர் மணிமன்றம், 1952 முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாள் ஆகியவற்றின் சூழலில் வளர்ந்த தலைமுறைக்கு அச்சில் நல்ல தமிழ் எழுதுவது ஒரு செயல்பாடாகவே இருந்தது. பாலகிருஷ்ணன் என்னும் இயற்பெயரை இளங்கண்ணன் என்று தமிழாக்கிக்கொண்ட மா. இளங்கண்ணன் அத்தலைமுறையைச் சேர்ந்தவர். 1982இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி மூடப்பட்டதோடு இத்தீவில் தமிழ்வழிக் கல்வி முற்றுப்பெற்றது. பள்ளி போன பின் பக்கமாவது தமிழுக்கு முழுதாக இருக்கட்டும் என்று எழுத்தாளர் கருதியிருப்பின் அதில் நியாயமுண்டு. எனினும் அந்நியாயம் 1982க்கு உரியது. இன்று எழுதுவோரும் அதையே காரணமாகக் காட்டுவது நமக்கு ஏற்புடையதன்று.

இரண்டாம் வகை நேர்மையானது. ஆனால் எளிதில் சலிப்பூட்டுவது. ஆங்கிலச் சொற்களை ஒன்றுவிடாமல் தமிழெழுத்தில் பெயர்த்துவிட்டால் வீட்டுப் பேச்சு கிடைத்துவிடும் என்னும் எண்ணம் தவறு. வீட்டுப் பேச்சில் எது ஆங்கிலமாகிறது, எது ஆகாமல் நிற்கிறது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் குடும்பங்களிலும் முறைப்பெயர்கள் இறுதிவரை நிற்பதைக் காண்கிறோம்; பாட்டி பாட்டியாகவே இருக்கிறார். உணவுப் பெயர்கள் நிற்கின்றன. திட்டுவதும் கொஞ்சுவதும் நிற்கின்றன. பள்ளி, மருத்துவம், பணம் பற்றிய பேச்சு முதலில் போய்விடுகிறது. அண்டை வீட்டுச் சீனப் பெண்மணி 'ஆண்டி' ஆகிறார். சொந்த அத்தை 'அத்தை'யாகவே இருக்கிறார். இவ்வேறுபாட்டைச் செவியால் உணர்ந்து எழுதுபவருக்கு ஒரு வரியில் ஓர் ஆங்கிலச் சொல்லே போதும். உணராதவருக்குப் பத்துச் சொற்களும் போதா.

மூன்றாம் வகையைத்தான் நாம் மிகுதியும் மதிக்கிறோம். முதலிரண்டு வகைகளிலும் கண்ணுக்குப் புலப்படாத ஒருவர் இதில் வெளிப்படுகிறார். அவர் அம்மா. இரு தலைமுறைகளுக்கு இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பவர், வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும் அப்பணியைச் செய்பவர், எதைச் சொல்வது எதை விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் உடையவர் அவரே. பேத்தி சினந்து சொன்ன ஒன்றை அவர் மென்மையாக்கிப் பாட்டியிடம் சேர்த்தால், அங்கே ஒரு கதை பிறக்கிறது. இவ்வகையின் குறை, கதை முழுவதும் இதுவே தொடர்ந்தால் குரல் மறைந்து செய்தியே எஞ்சும் என்பதாகும்.

பேச்சுவழக்கைப் புனைகதையில் கையாளுதல் குறித்து இலங்கையில் கடுமையான விவாதம் நடைபெற்றது. முற்போக்கு எழுத்தாளர்கள் மக்கள் வழக்கை எழுதியபொழுது மரபுவழிப் பண்டிதர்கள் அதனை 'இழிசனர் வழக்கு' என்று சாடினர். அவ்விவாதத்தின் பயனாகவே ஈழத்துப் புனைகதை தன் மண்ணின் குரலை அடைந்தது. சிங்கப்பூரில் இவ்வினா வகுப்பறை வழியாக வந்தது. 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழை வகுப்பில் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரவேண்டிய பேச்சுத் தமிழ், பள்ளியிலிருந்து வீட்டிற்குப் போகவேண்டிய நிலை ஏற்பட்டதை அப்பரிந்துரை ஒப்புக்கொண்டது. வாய்மொழிப் பயிற்சியில் இயல்பான பேச்சை வரவேற்கும் ஆசிரியர், சிறுகதைப் போட்டிக்கு மாணவர் எழுதும் உரையாடலில் அதே பேச்சைச் சிவப்பு மையால் திருத்துவது இன்றும் நடக்கிறது. எழுத்துத் தமிழில் தேர்ச்சி குன்றும் என்னும் அவர்தம் அச்சம் பொய்யன்று. ஆயினும் மேற்கோள் குறிக்குள் இருப்பது கதைமாந்தரின் குரல், மாணவரின் இலக்கண அறிவு அன்று என்னும் வேறுபாட்டையேனும் கற்பிக்கலாம்.

லிட்டில் இந்தியா இக்கதைகளில் பெறும் இடமும் ஆராயத்தக்கது. ஊரார் வாயில் அது 'தேக்கா'. குடும்பம் தமிழ்க் குடும்பம் என்பதை நிறுவ வேண்டியபொழுதெல்லாம் கதை சிராங்கூன் சாலைக்குப் போய்விடும். மல்லிகைச் சரம், மசாலா மணம், வீரமாகாளியம்மன் கோயில் மணியோசை என்று ஒரு பத்தி வரும். அப்பத்தியை ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்கு மாற்றிவைத்தாலும் வேறுபாடு தெரியாது. தேக்காவில் உண்மையில் நிகழும் ஒன்றை இப்பத்திகள் தவறவிடுகின்றன. பலதுறை மருந்தகத்தில் தாதி கேட்பதைப் பாட்டிக்கு விளக்கிச் சொல்பவள் பேத்தி; அங்கே பாட்டி வாய்பேசாதவராகிறார். அதே இருவரும் தேக்காச் சந்தைக்குள் நுழைந்தவுடன் நிலை தலைகீழாகிறது. பாட்டி தமிழில் பேரம் பேசுகிறார். சீனக் காய்கறிக்காரரிடம் பழைய சந்தை மலாயைப் பயன்படுத்துகிறார். அவரும் தமக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை எடுத்துவிடுகிறார். பேத்தி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கிறாள்.

அடுக்குமாடியின் பொது நடைபாதையும் அவ்வாறே எழுதப்படாமல் கிடக்கிறது. 1989இல் நடப்பிற்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒரு புளோக்கில் இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 13 விழுக்காட்டிற்கு மேல் இருத்தல் ஆகாது. 2010இல் அவ்வரம்பு 15 விழுக்காடாயிற்று. தமிழ் வீட்டின் கதவைத் திறந்தால் கேட்பது பெரும்பாலும் பிற மொழி என்பது இதனால் விளைவது. மழை இறங்கப்போகிறது, மூங்கில் கழியில் காயும் துணியை எடுங்கள் என்று எதிர்வீட்டிலிருந்து வரும் குரல் எந்த மொழியில் வருகிறது? நம் கதைகளில் அது தமிழில்தான் வருகிறது.

மொழிபெயர்ப்பிலும் இச்சிக்கல் தொடர்கிறது. 2008ஆம் ஆண்டின் சிங்கப்பூர் இலக்கியப் பரிசைப் பெற்ற கனகலதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' உட்பட, நம் புனைகதைகள் சில ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பொதுவாக இத்தகைய பெயர்ப்பில் பேத்தியின் பேச்சு தான் பிறந்த மொழிக்கே திரும்பிவிடுகிறது. பாட்டியின் பேச்சுத்தான் அயலாகிறது. தமிழ் மூலம் ஒருவர் குரலை மாற்றியது என்றால், ஆங்கிலம் மற்றவர் குரலை மாற்றுகிறது.

இவ்வீடுகளில் இன்னொரு குரலும் உண்டு. வெளிநாட்டு இல்லப் பணிப்பெண் திட்டம் 1978இல் தொடங்கியது. அம்மா அலுவலகத்திலும் பேத்தி பள்ளியிலும் இருக்கும் பகல் முழுவதும் பாட்டியோடு பேசுபவர் பல வீடுகளில் அப்பணிப்பெண்தான். மலாயும் சைகையுமாகத் தொடங்கிய பேச்சு ஓரிரு ஆண்டில் ஒருவகைத் தமிழாகிறது. "பாட்டி, மருந்து சாப்ட்டாச்சா" என்று கேட்கும் இந்தோனேசியப் பெண்ணுக்குப் பேத்தியைவிடக் கூடுதல் தமிழ் தெரிந்திருக்கும் வீடுகளை நம்மில் பலர் அறிவோம். அவருக்குக் கதையில் ஒரு வரி கொடுப்பதாயின் அதனை எந்தத் தமிழில் எழுதுவது என்பதை எழுத்தாளரும் ஆசிரியரும் கூடிப் பேசலாம்.