கூரைக்கு வெள்ளை அடித்தால் போதுமா?

சித்திரை மாதத்துப் பிற்பகலில் காஞ்சிபுரத்துக் காங்கிரீட் வீடொன்றின் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். ஒரு நிமிடம் நிற்பதே கடினம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில், அப்படிப்பட்ட தளத்திற்கு நேர் கீழே ஒருவர் குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து பட்டு நெய்துகொண்டிருப்பார். நமக்கு வீடு இளைப்பாறும் இடம். அவருக்கு வீடே தொழிற்கூடம். அறை சூடேறினால் உடல் சோர்வதோடு இழையும் துன்பப்படும். 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் பட்டு தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு நீரை ஏந்தியிருக்கும். காற்று சூடாகி ஈரப்பதம் குறையும்போது இழை அந்நீரை இழந்து நெகிழ்ச்சி குறைகிறது. பாவு அறுந்தால் நேரமும் கூலியும் சேர்ந்தே அறும்.

இந்தத் துன்பத்தை நம்பி ஒரு வணிகம் வளர்ந்திருக்கிறது. கோடை பிறந்தால் போதும், மாடிக்கு ஒரு பூச்சுப் பூசினால் 10 டிகிரி குறையும் என்ற வாக்குறுதி சுவர்தோறும் தென்படுகிறது. வெப்பக் காப்பு என்ற பெயரில் விற்கப்படும் இந்த வேலைகளை அறிவியலின் தராசில் நிறுத்துப் பார்ப்போமா?

முதலில், எந்த 10 டிகிரி? தளத்தின் மேற்பரப்பா, அறையின் உட்கூரையா, அல்லது நாம் மூச்சு விடும் காற்றா? மேற்பரப்பு 15 டிகிரி குறைந்தாலும் அறைக்காற்று சில டிகிரிதான் குறையக்கூடும். விற்பவர் பெரிய எண்ணைச் சொல்கிறார். வாங்குபவர் அதை அறைக்கு உரியதாக எண்ணிக்கொள்கிறார். இந்த மயக்கமே இவ்வணிகத்தின் முதல் குறை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 12 அடி நீளம், 10 அடி அகலமுள்ள அறை. மேலே 125 மில்லிமீட்டர் காங்கிரீட் தளம். தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி, அறைக்காற்று 35 டிகிரி என்று கொள்ளுங்கள். காங்கிரீட்டின் வெப்பக் கடத்துத்திறன் எண் ஏறக்குறைய 1.58. இதன்படி அந்த அறைக்குள் இறங்கும் வெப்பம் சுமார் 1,100 வாட். தலைக்கு மேல் ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி ஓயாமல் எரிவதற்கு இது சமம். தடித்த தளத்தைக் கடக்க வெப்பம் சில மணி நேரம் எடுத்துக்கொள்வதால், உச்சி வெயிலின் கொடுமை மாலையில்தான் அறைக்குள் முழுதாகத் தெரிகிறது.

இப்போது வெள்ளைப் பூச்சு. நல்ல புதுப்பூச்சு, விழும் ஒளியில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பும். மேற்பரப்பு 45 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே வரும் வெப்பம் 450 வாட்டுக்குக் குறையும். இது சிறிய பயன் அன்று. ஆகவே வெள்ளைப் பூச்சை ஏமாற்று என்று சொல்வது தவறு. ஆனால் அதை வெப்பக் காப்பு என்பதும் தவறு. பூச்சு வெப்பம் உட்புகும் முன் ஒளியைத் திருப்புகிறது. காப்போ, ஏறிய வெப்பத்தின் பயணத்தைத் தடுக்கிறது. புழுதி படிந்தால் பூச்சின் ஆற்றல் குறையும். கழுவவும் மீண்டும் பூசவும் வேண்டும். இதை விளம்பரம் சொல்வதில்லை.

வெள்ளி நிற அலுமினியப் பூச்சு இன்னொரு ஏமாற்றம். அது ஒளியைத் திருப்பினாலும், ஏறிய வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவதில் சோம்பேறி. பளபளக்கும் உலோகத்தின் மேல் அகச்சிவப்புக் கருவியைக் காட்டிக் குறைந்த வெப்பநிலையைப் படித்துக் காண்பித்தால் நம்பிவிடாதீர்கள். அத்தகைய பரப்பில் அக்கருவி பெரும்பாலும் குறைத்தே காட்டும்.

உண்மையான காப்பு எது? அசையாத காற்றின் கடத்துத்திறன் 0.026 மட்டுமே. அக்காற்றையோ அதைப் போன்ற வாயுவையோ நுண்ணறைகளில் சிறைப்பிடித்த பாலிஸ்டைரீன் நுரைப்பலகைக்கு அவ்வெண் சுமார் 0.035. மேற்சொன்ன தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் பலகை இட்டால், மேற்பரப்பு அதே 60 டிகிரியில் இருந்தாலும் உட்புகும் வெப்பம் சுமார் 170 வாட்தான். அதன் மேல் வெள்ளைத் தட்டோடும் பதித்தால் 70 வாட்டை நெருங்கலாம்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் மர உத்திரங்களின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்துத் தட்டோடு பதித்தார்கள். எனினும் பழமையைக் கண்மூடிப் போற்ற வேண்டாம். காங்கிரீட் தளத்தின் மேல் 75 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லிப் படுகை இட்டாலும் வெப்பக் கடப்பெண் 3.5 இலிருந்து 2.6 அளவுக்குத்தான் இறங்கும். ஒரு டிகிரி வேறுபாட்டிற்குச் சதுர மீட்டர் வழியே செல்லும் வாட் அளவே இந்த எண். கீற்றுக் கூரையிலிருந்து காங்கிரீட்டுக்கு மக்கள் மாறியதற்குத் தீயும் புயலும் தக்க காரணங்கள். 2010 இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்க முனைந்தது. தீ அச்சம் நீங்கியது. வெப்பம் வீட்டுக்குள் குடியேறியது.

சட்ட விதிகளிலும் ஒரு குறை உண்டு. 2018 இல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு, குடியிருப்புக் கூரையின் வெப்பக் கடப்பெண் 1.2 ஐத் தாண்டக்கூடாது என்கிறது. மிக நல்ல விதி. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே பொருந்தும். அதாவது சுமார் 12 சென்ட். ஓரிரு சென்ட் மனையில் தறி போட்டிருப்பவரை இவ்விதி எட்டிப் பார்ப்பதில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 இல் அறிவித்தது. பேரிடர் முதலில் தாக்குவது சிறு வீடுகளைத்தான். விதி காப்பதோ பெரிய மனைகளை. இந்த முரண்பாடு நீங்க வேண்டும்.

அதுவரை நம் காவல் நம் கையில். வேலைக்கு ஆள் அமர்த்துமுன் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. பலகையின் பெயர், அடர்த்தி, தடிமன், கடத்துத்திறன் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். தெர்மாகோல் வகைப் பலகையானால் இந்தியத் தரம் 4671 இன்படி சோதித்த சான்று உண்டா என்று கேளுங்கள். அறையின் உள்ளே தெர்மாகோல் ஒட்டித் தரும் வேலை மலிவாயிருக்கலாம். ஆனால் தீப்பற்றும் அப்பொருளைப் பட்டு நூலும் மின்கம்பியும் உள்ள அறையின் தலைக்கு மேல் திறந்தபடி வைப்பது ஆபத்து. காப்பு தளத்தின் மேலே இருப்பதே முறை.

கசிவைச் சரிசெய்யாமல் பலகை இட முன்வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். நீரின் கடத்துத்திறன் 0.6, அசையாத காற்றைப் போல் இருபது மடங்குக்கும் மேல். ஐப்பசி மழையில் நனைந்த காப்பு காப்பே அல்ல. முதலில் தளத்தில் நீர் தேக்கிக் கசிவு பார்க்க வேண்டும். பின்பு வாட்டம், நீர்க்காப்பு, இடைவெளியின்றிப் பலகை, அதன் மேல் காரைப்படுகை, தட்டோடு. பலகையை மூடுமுன் நீங்களே மாடியேறி அளவுகோலால் தடிமனை அளந்து பாருங்கள். கூலியைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். அவர் ஒரு மழைக்காலத்திற்கு முன் செய்துமுடித்த வீட்டைப் பார்க்கக் கேளுங்கள்.

வேலை முடிந்தபின் சோதனையும் எளிது. காப்பிட்ட அறையிலும் இடாத அறையிலும் ஒரே உயரத்தில் இரு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். இரவில் சன்னலைத் திறந்து வையுங்கள். காப்பு வெளிவெப்பத்தைத் தடுப்பதுபோல், உள்ளே தேங்கியதை வெளியேற விடாமலும் தடுக்கும்.

கையில் பணம் குறைவென்றால் இவ்வாண்டு வெள்ளைப் பூச்சு மட்டும் செய்யுங்கள், பங்குனிதோறும் கழுவிவிடுங்கள். தட்டோடு பெயர்த்துப் பதிக்கும் காலம் வரும்போது, அதன் அடியில் பலகை வைக்க மறவாதீர்கள். பூச்சுக்குப் பூச்சின் விலையையும் காப்புக்குக் காப்பின் விலையையும் கொடுங்கள். ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்பவரிடம் மேலே கண்ட கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.