நின்ற இடத்தில் வேகம்

கட்டடம் எங்கேயும் ஓடப்போவதில்லை. பின் எதற்கு அதற்குக் காற்றைக் கிழிக்கும் உடம்பு? ஸ்ட்ரீம்லைன் மாடர்ன் பாணியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாணியின் நல்ல கட்டடம் ஒன்றைப் பார்த்துவிட்டால் கேட்கத் தோன்றாது.

இது கிளைத்தது ஆர்ட் டெக்கோவிலிருந்து. 1920-களின் அந்தப் பாணி அலங்காரங்களோடு மேல்நோக்கியே வளர்ந்தது. 1930-இல் முடிந்த நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் அதன் உச்சம். பொருளாதார மந்தம் வந்ததும் அந்த நகைநட்டையெல்லாம் கழற்றிவைக்க வேண்டியதாயிற்று. கட்டடங்கள் படுக்கைவாட்டில் நீண்டன, கூர்முனைகள் வளைந்தன. வழவழப்பான பூச்சு, மூலையைச் சுற்றித் திரும்பும் ஜன்னல், கண்ணாடிச் செங்கல், கப்பலிலிருந்து கடன் வாங்கிய வட்டச் சாளரமும் குழாய்க் கைப்பிடியும், சுவர் நெடுக இழுத்த இணைகோடுகள். இவ்வளவுதான் சரக்கு.

ஓடுகிற பொருளுக்கு இந்த வடிவம் பலன் தந்தது. துருப்பிடிக்காத எஃகில் செய்த பர்லிங்டன் செஃபிர் ரயில், 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோ வரையிலான 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. அந்த மோகம் மேசைக்கும் ஏறியது. பென்சில் சீவும் கருவிக்குக்கூட நீர்த்துளி உடம்பைக் கொடுத்தார் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி. அது வெறும் பகட்டு என்பேன். லாஸ் ஏஞ்சல்ஸில் ராபர்ட் டெர்ரா வடிவமைத்த கோக-கோலா ஆலை வேறு ரகம். மேல்தளமும் வட்டச் சாளரங்களுமாகத் தெருவோரம் ஒரு கப்பலையே நிறுத்திவிட்டார் மனிதர். விளையாட்டென்று தெரிந்தே ஆடிய விளையாட்டு, மன்னிக்கலாம்.

என் மனம் போய் நிற்பது எரித்ரியத் தலைநகர் அஸ்மாராவில். ஃபியட் டாக்லியெரோ, ஒரு பெட்ரோல் நிலையம். இத்தாலியர் ஆண்ட 1938-இல் ஜுசெப்பே பெட்டாட்சி வடிவமைத்தது. புத்தகங்கள் இதை ஃபியூச்சரிஸம் என்று வேறு பெட்டியில் போடுவதுண்டு, போடட்டும். நடுவே விமானியின் அறை போன்ற கண்ணாடிக் கோபுரம். இருபுறமும் தலா 15 மீட்டர் நீளத்தில் கான்கிரீட் இறக்கைகள். கீழே ஒரு தூண் இல்லை. தாங்காது என்று பயந்த அதிகாரிகள் முட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். திறப்பு விழாவில் கட்டுமானக்காரரின் தலையில் துப்பாக்கி வைத்து பெட்டாட்சி முட்டுகளை எடுக்கவைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, முட்டுகள் போயின, இறக்கைகள் விழவில்லை.

மண்ணின் மக்களை நிறம் பார்த்துத் தனிப்பகுதியில் ஒதுக்கிய ஆட்சி, தன் கார்களுக்காகக் கட்டிக்கொண்டது இது. அந்த உறுத்தலோடுதான் ரசிக்க முடிகிறது. ஆனாலும் மற்றவை வேகத்தைச் சுவரில் கோடாக வரைந்தபோது, இது எடையையே அந்தரத்தில் நிறுத்திக் காட்டியது. இந்தப் பாணியில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். அஸ்மாரா நகரை யுனெஸ்கோ 2017-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.