‘தாமே கற்றவர்’ எவர்? – மன்னார்க் கூத்து மரபை முன்னிறுத்தி ஒரு நோக்கு

நிறுவனப் பயிற்சி பெறாதோர் படைக்கும் கலையை ‘நாட்டார் கலை’ என்றும், அதனைப் படைப்போரைத் ‘தாமே கற்றவர்’ என்றும் வகுத்தல் கலை வரலாற்றாசிரியர் வழக்கமாகும். 1932இல் நியூயோர்க் நவீன கலைக்கூடம் ‘சாமானிய மனிதனின் கலை’ எனப் பெயரிட்டு அமெரிக்க நாட்டார் கலைக் கண்காட்சியொன்றை நடத்தியது. சாமானியனுக்கு இடமளித்த அதே பெயர், அவனைத் தனியறையில் ஒதுக்கியும் வைத்தது.

அலபாமா மாநிலத்து ஜீஸ் பென்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலையுடுப்புகளை வெட்டி இணைத்துப் போர்வைகள் தைத்தனர். அவர்கள் அடிமைகளின் வழிவந்த குத்தகை உழவர். தாயிடம் மகளும் மகளிடம் பேர்த்தியும் பயின்ற அக்கைவேலை 2002இல் அருங்காட்சியகச் சுவர்களை அடைந்தது. விமரிசகர் அதனை நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு வியந்தனர். இப்பெண்களுக்கு ஆசிரியர் இல்லாமலில்லை, சான்றிதழே இல்லை. எனவே ‘தாமே கற்றவர்’ என்பது கலையியற் சொல்லன்று, வர்க்கச் சொல்லே எனலாம்.

மன்னார்க் கத்தோலிக்கக் கூத்து மரபு இதனை மேலும் தெளிவுறுத்துகிறது. மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு என இருவகை ஆட்ட மரபும், நாடகம், அதனிற் சுருங்கிய வாசாப்பு என இருவகை வடிவமும் இங்குண்டு. ‘என்றீக்கு எம்பரதோர்’ நாடகத்தின் பெயரிலேயே பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் உறைந்துள்ளது. பொருளைத் திருச்சபை தந்தது; தாளத்தையும் உடலையும் மீனவரும் உழவரும் தந்தனர். ஆள்வோர் கதையை ஆளப்படுவோர் ஆடும் இம்முரண்பாட்டைக் காணாது, கூத்தை நிலமானிய எச்சமெனத் தள்ளிய எம்மவர் சிலரின் கூற்று வரட்டுத்தனமானது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாடகங்களைப் பதிப்பித்ததும், ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ ஆகியவற்றாற் கூத்தைப் பல்கலைக்கழக அரங்கேற்றியதும் பெரும்பணிகள். ஆயினும் விடியவிடிய ஆடிய கூத்து சில மணிநேரக் காட்சியாகியபோது, ஊரார் கூடிப் பயிலும் நீண்ட பழக்கமும் களரியும் பின்தள்ளப்பட்டன. அச்சேறியது பாடலே, அண்ணாவியாரின் மத்தளமும் அதிர்ந்த மண்ணும் அச்சேறா.

அந்த மண்ணைப் பற்றியே இனிப் பேசவேண்டியுள்ளது. வில்பத்துக் காட்டின் வட எல்லையை அடுத்து, முசலிப் பிரிவின் கடலோரத்தில் அமைந்த கத்தோலிக்க ஊர் முள்ளிக்குளம். கடலும் வயலும் குளமும் அதன் உற்பத்திச் சாதனங்கள். 2007 செப்டெம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2017 மார்ச்சில் அவர்கள் தொடங்கிய தொடர்போராட்டத்தின் பயனாக, ஏப்ரலில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அது கோரிய நிலத்தின் ஒரு பகுதியே.

கூத்தைத் தனியொருவர் நினைவில் காவிச் செல்ல முடியாது. அறுவடை ஓய்வு, திருவிழா நாள், அயலவர் கூட்டம், பழகுமிடம் ஆகியன ஒருங்கே வாய்க்கவேண்டும். ஏட்டை இடம்பெயர்ந்தோர் எடுத்துச் செல்லலாம். களரியை எவ்வாறு எடுத்துச் செல்வது? பத்தாண்டுகள் சொந்த முற்றமின்றி வளர்ந்த தலைமுறைக்கு இழப்பானது வீடு மட்டுமன்று, கற்கும் கூடமுமாகும்.

ஆதலின் நாட்டார் கலைப் பாதுகாப்பு என்பது ஒலிப்பதிவோடும் விழா மேடையோடும் நின்றுவிட இயலாது. கலைஞரைப் போற்றிக்கொண்டே அவர்தம் நிலவுரிமை குறித்து மௌனம் காக்கும் ஆய்வு, அருங்காட்சியகச் சுவரின் மறுபக்கமேயாகும்.