வெள்ளைக் காற்சட்டையும் லாயத்துச் சிரிப்பும்

அமெரிக்க, ஐரோப்பியக் குதிரை லாயங்களில் ஒருவரை ‘டிரெஸ்ஸாஜ் குயீன்’, அதாவது குதிரையைத் துல்லியமாக அசைய வைக்கும் டிரெஸ்ஸாஜ் சவாரியின் ராணி, என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. சேறு படாத வெள்ளைக் காற்சட்டை, முகம் தெரியும் பூட்ஸ், குதிரையின் கால்பட்டிக்கும் சேணத் துணிக்கும் ஒரே நிறம், நெற்றிப்பட்டையில் வரிசையாகப் பதித்த கற்கள். தூறல் விழுந்தால் சவாரி கிடையாது. குதிரைக்கு மசாஜ் உண்டு, அக்குபங்சர் உண்டு. சவாரி கைகூடாவிட்டால் குற்றம் சேணத்தின் மேல், சேணத்தை மாற்றியும் கூடாவிட்டால் குதிரையின் மேல். இந்த உருவத்துக்கு எதிரே நிற்பவர் ‘ஈவென்டர்’: டிரெஸ்ஸாஜ், வெளிக்கள ஓட்டம், தடை தாண்டல் ஆகிய மூன்றிலும் போட்டியிடுபவர். சேற்றிலேயே வாழ்பவர், கிழிந்ததையெல்லாம் டக்ட் டேப்பால் ஒட்டுபவர், பயம் என்பதையே அறியாதவர் என்பது அவரைப் பற்றிய சித்திரம். மனிதரோடு இது நிற்பதில்லை. செம்பழுப்புப் பெட்டைக் குதிரை என்றாலே முன்கோபி என்று லாயம் முடிவு கட்டிவிடுகிறது.

பனியன்களிலும் காபிக் கோப்பைகளிலும் அச்சாகும் இந்தக் கேலிகளை நான் அற்பமாக நினைக்கவில்லை. எதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று ஒரு கூட்டம் தனக்குள் முடிவு செய்யும்போது, எதைப் பார்க்காமல் விடலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

டிரெஸ்ஸாஜ் ஏன் இவ்வளவு எளிதாகக் கேலிக்கு இலக்காகிறது? அறுபது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட களம். ஓரங்களில் எழுத்துகள் நட்டிருக்கும். குறித்த எழுத்தில் குறித்த அசைவு. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் இடுவார்கள். நல்ல சவாரியில் ஏறியிருப்பவர் எதுவுமே செய்யாததுபோல் தெரிய வேண்டும். இடுப்பின் சிறு சாய்வும் கெண்டைக்காலின் மெல்லிய அழுத்தமும் ஐந்நூறு கிலோ உடலுக்குப் போய்ச் சேர்ந்து, அது நின்ற இடத்திலேயே தாளமிட்டு ஓடுகிறது. பல ஆண்டு உழைப்பு முழுவதும் மறைந்துகொள்ளும் கலை இது. உழைப்பு கண்ணில் படாதபோது உடைதான் மிஞ்சுகிறது; கேலியும் அந்த உடையைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கேலிக்கு நியாயமான வேர் உண்டு. 1912இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக்கில் சேர்ந்த டிரெஸ்ஸாஜ், 1948 வரை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1948 லண்டனில் அணித் தங்கம் வென்ற ஸ்வீடன் அடுத்த ஆண்டே அதை இழந்தது. அணியில் இருந்த யெஹ்னால் பெர்ஷோன் முழுத்தகுதி பெற்ற அதிகாரி அல்லர், போட்டிக்காகத் தற்காலிகமாகப் பதவி உயர்த்தப்பட்டவர் என்பதே காரணம். சவாரியில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. இப்படிப்பட்ட வரலாறு உள்ள விளையாட்டில், சாணம் அள்ளும் பெண் குதிரைச் சொந்தக்காரரின் காதுபடவே ஒரு கேலியைச் சொல்ல முடிகிறது என்றால் அதை நான் வரவேற்கிறேன். பணம் பற்றிய குத்தலும் பொய்யல்ல. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. அந்த அணியினர் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அந்த வழியின் செலவை எத்தனை குடும்பங்களால் தாங்க முடியும்?

வெளியாரின் கேலியை ஏற்கும் பக்குவமும் இந்தச் சிரிப்புப் பழக்கத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். 2012இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் மிட் ராம்னியின் மனைவி ஆன் ராம்னி பங்குரிமை வைத்திருந்த ராஃபால்கா என்ற குதிரை லண்டன் ஒலிம்பிக்குக்குத் தேர்வானது. தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஸ்டீஃபன் கோல்பேர் இந்த விளையாட்டை ஓயாமல் கேலி செய்தார். அமெரிக்க டிரெஸ்ஸாஜ் வட்டாரம் முகம் சுளிக்கவில்லை; அவர் நிகழ்ச்சியில் ஆட்டிக் காட்டிய, ரசிகர்கள் கையில் மாட்டும் பெரிய பஞ்சு விரலைத் தானும் தூக்கிப் பிடித்தது. பிறகு கோல்பேர் குதிரையேறிப் பாடமே கற்றுக்கொண்டார். டிரெஸ்ஸாஜ் என்ற பெயரையே கேட்டிராத பலருக்கு அது அறிமுகமானது அந்தக் கோடையில்தான்.

ஆனால் குத்தல் போய் விழும் இடத்தைப் பார்த்தால் என் மனம் ஒப்பவில்லை. ராணுவச் சீருடை அணிந்து, பொத்தான் முதல் பிடரிப் பின்னல் வரை சரிபார்த்தவர்கள் முதலில் ராணுவ அதிகாரிகளே. அப்போது அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர். 1952 ஹெல்சிங்கியில் பெண்களுக்கு வழி திறந்தது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் அதே ஆண்டில் தனிநபர் வெள்ளி வென்றார். 1572 முதல் பதிவு உள்ள வியன்னா ஸ்பானியச் சவாரிப் பள்ளி, 2008இல்தான் பெண்களைப் பயிற்சிக்குச் சேர்த்தது. பெண்கள் வந்த பிறகு அதே துல்லியம் ராணித்தனமாகிவிட்டது. இதைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

உடையைக் கேலி செய்தவர்கள் உடையின் ஆபத்தையாவது கேட்டார்களா? 2010 மார்ச்சில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்கேற்ற அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது குதிரை இடறியதால் விழுந்தார். தலைக்கவசம் இல்லை. மூளைக் காயத்தோடு வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். அதன் பிறகே தலைக்கவசத்துக்கான இயக்கம் வலுப்பெற்றது. சர்வதேசப் போட்டிகளில் அது எல்லோருக்கும் கட்டாயமானது 2021இல். டிரெஸ்ஸாஜ் போட்டியில் வழக்கமாக இருந்த உயரத் தொப்பியின் பகட்டைப் பற்றி லாயம் எவ்வளவோ பேசியது. தொப்பிக்குள் இருந்த மண்டையைப் பற்றிப் பேச ஒருவர் விழ வேண்டியிருந்தது.

ராணிச் சித்திரத்தின் பெரிய கோளாறு ஷார்லட் டுஜார்டின் விஷயத்தில் வெளிப்பட்டது. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்த பிரிட்டிஷ் வீராங்கனை செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர்; சக வீரர் கார்ல் ஹெஸ்டரின் லாயத்தில் வேலை செய்தபடியே கற்றவர். புகழ் தந்த வாலெக்ரோ என்ற குதிரை அவருக்குச் சொந்தமானதும் அல்ல. கேலி வரைந்த பகட்டுக்காரிக்கு நேர் எதிரானவர் அவர். ஆனால் 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன், ஒரு பயிற்சியில் அவர் குதிரையின் கால்களை நீண்ட சாட்டையால் மீண்டும் மீண்டும் அடிக்கும் காணொளி வெளிவந்தது. அவர் போட்டியிலிருந்து விலகினார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஓராண்டுத் தடை விதித்தது. அது சில ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட காணொளி. பகட்டைத் தேடப் பழகிய கண்ணுக்கு எளிமையானவரின் கையில் இருந்த சாட்டை படாது. 2009இல் டென்மார்க்கில் ஒரு குதிரையின் நாக்கு நீலமாகித் தொங்கிய காட்சி பரவியபோதும், கழுத்தை மார்போடு மடக்கிப் பழக்கும் முறை பற்றிய கேள்வியைப் பொதுமக்கள்தான் உரக்க எழுப்பினார்கள். குதிரை தெரியாதவர்களின் கூச்சல் என்ற பதில் உள்ளிருந்து வந்தது. நமக்குள் சிரித்துக்கொள்வதால் வளரும் நெருக்கம், வெளியிலிருந்து ஒருவர் சரியாகக் கேட்கும்போது கதவடைக்கவும் பயன்படுகிறது.

செம்பழுப்புப் பெட்டைக் கேலி இதைவிட மோசமானது. ஏனென்றால் அதில் பதில் சொல்ல வழியில்லாத உயிர் மாட்டிக்கொள்கிறது. காதைப் பின்னால் மடக்குவது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறப்பது, முன்னே போக மறுப்பது எல்லாம் குணம் என்று சிரித்து முடிக்கப்படுகின்றன. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன் தம் குழுவினரோடு 2018இல் வெளியிட்ட பட்டியலில், சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகள் இருக்கின்றன. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் உடலில் வலி இருக்க வாய்ப்பு அதிகம். லாயம் கோபம் என்று பெயரிட்ட பலவும் அந்தப் பட்டியலில் உள்ளன. முதுகில் சேணம் அழுத்தும் குதிரை, வயிற்றில் புண்ணுள்ள குதிரை, பின்னங்கால் மூட்டு வீங்கிய குதிரை மூன்றுக்கும் ஒரே கேலி போதும் என்றால் மருத்துவர் வர நாளாகும்.

குதிரையை வைத்துச் சொல்லும் கேலி எல்லாமே இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். ‘சோதனை’ எனப்படும் அசைவு வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு, எழுத்து வருவதற்கு முன்பே திரும்பிவிடும் குதிரையைப் பற்றிய கேலி எல்லா லாயத்திலும் உண்டு. ஏறியிருப்பவர் மறந்த திருப்பத்தைக் குதிரை நினைவு வைத்திருக்கும். இந்தக் கேலி குதிரைக்கு மனம் இருப்பதை ஒப்புக்கொள்கிறது. கூடவே, சவாரி செய்பவர் குதிரையோடு பேசாமல் பாடத்தை ஒப்பிக்கிறார் என்று சுட்டுகிறது. அது உண்மையும்கூட. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் ஒரு சோதனையை முழுதாக, அதே வரிசையில், நாள்தோறும் ஓட்ட விடுவதில்லை.